ரோஸ்மேரிக்கு ஆள் தேடியது

கோவை சிங்காநல்லூரில் மூடிக் கிடந்த நூல் மில் ஒன்றின் பஞ்சு குடோனுக்குள் முப்பத்திரண்டு அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு விற்பனைக்கு நிற்கிறது என்று சொன்னபோது யாரும் முதலில் நம்பவில்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டைத் தாண்டிக் கொச்சிக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் பெரிய தண்ணீர் சிங்காநல்லூர் குளம்தான். அதில் ஆகாயத்தாமரைக்கு நடுவே நாரைகளே இடம் பார்த்துத்தான் இறங்குகின்றன. அதனால் சாராள் விளம்பரம் போட்ட நாளிலிருந்து வாங்க வந்தவர்களைவிட, நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்களே அதிகம்.

தேக்குப் பலகையில் கட்டிய பழைய படகு, முழுக்கப் புதுப்பித்தது, நான்கு பேர் படுத்து உறங்கலாம், சின்னச் சமையல்கட்டு உண்டு என்று அவள் எழுதியிருந்தாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் என்பதால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. படகின் பெயர் ரோஸ்மேரி. அது அவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தக் காலத்தில் தேயிலைக் கம்பெனி வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் தனக்காகக் கட்டிக்கொண்டபோது வைத்தது.

அவள் கணவர் ஞானாபரணத்துக்குத் தொழில் மர வேலைதான். பம்பு வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து ஃபவுண்டரிகளுக்குக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். முதுகுவலி வந்து, டாக்டர் குனிந்து வேலை செய்யக்கூடாது என்றதும், பட்டறையைத் தொழில் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். அதே வருஷம்தான் சாராளும் சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். புதிதாக வந்த போதகர் ஐயா இளைஞர்களை வைத்து கீபோர்டு, டிரம்ஸ் என்று மாற்றினார். பழைய ஆட்கள் இனிமேல் கீழே உட்கார்ந்து ஆராதனையில் கலந்துகொள்ளட்டும் என்று அன்பாகத்தான் சொன்னார். அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள்.

அப்போது உறவுக்காரக் கல்யாணத்துக்குக் கொச்சி போனவர்கள், காயலோரம் படகு பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் சேற்றில் சாய்ந்து கிடந்த இந்தப் படகைப் பார்த்தார்கள். பக்கப் பலகைகளில் பாதி அழுகியிருந்தது. தளத்தில் அரச மரம் முளைத்திருந்தது. இடத்தைக் காலி செய்ய வேண்டும், யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள் யார்டுக்காரர்கள். ஞானாபரணம் படகைச் சுற்றி வந்தார். "எடுத்துக்கலாமா சாராளு?" என்று கேட்டார். அவள் உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னது அவருக்கே திகைப்பாக இருந்தது.

படகின் மேல்கட்டைக் கழற்றி, லாரியில் கொண்டுவந்து, மில் குடோனுக்குள் நுழைத்தார்கள். அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் அவர்களுடைய வாழ்க்கை அந்த குடோனில்தான் போனது. மில் சொந்தக்காரர்கள் தெரிந்தவர்கள், சும்மா கிடக்கிற இடம்தானே என்று விட்டிருந்தார்கள். காலையில் சாராள் டிபன் கட்டுவாள். இருவரும் ஸ்கூட்டரில் போவார்கள். முதுகுவலிக்காரர் குனிந்து செய்யக்கூடாத வேலைகளை எல்லாம் குனிந்துதான் செய்தார். அழுகிய பலகையைக் கழற்றி, அளவெடுத்து, புதுத் தேக்கை இழைத்து, நீராவியில் வளைத்து, செம்பு ஆணி அடித்துப் பொருத்துவார். கனமான பலகையைத் தூக்கிப் பிடிக்க மட்டும் பக்கத்து குடோன் லோடுமேன்கள் வருவார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்துப் பட்டி பூசுவது, வார்னிஷ் அடிப்பது எல்லாம் சாராளின் வேலை. அவளுடைய விரல் நுனிகள் தேய்ந்து, ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் நான்கு தடவை வைக்கச் சொல்வார்கள்.

படகு முடிந்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது. குடோன் கதவைத் திறந்தால், உள்ளே தேன் நிறத்தில், கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய பறவை மாதிரி இருந்தது. ஆனால் அது தண்ணீரில் இறங்கவில்லை. முதலில் கொரோனா வந்தது. அப்புறம் ஞானாபரணத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதற்கப்புறம் காரணம் ஏதும் இல்லாமலே அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்வார், மற்றவர் உடனே ஒத்துக்கொள்வார். ஒவ்வொரு கோடையிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து பலகைகளைக் காய வைத்தது. இடுக்குகள் விரிந்தன. வார்னிஷ் வெடித்தது. புதுப்பித்து முடித்த படகை மறுபடியும் புதுப்பிக்க உட்கார்ந்தார்கள். வருஷா வருஷம் இப்படி நடந்ததில் இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது. வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, டிவி சத்தத்தில் அப்படியே தூங்கிப்போவார்கள்.

போன வருஷம் மில் நிலம் கைமாறியது. வாங்கினவர்கள் அங்கே அபார்ட்மெண்ட் கட்டப் போகிறார்கள். ஈஸ்டருக்குள் குடோனைக் காலி செய்யுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சாராள்தான் விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தாள். ஞானாபரணம் சரி என்று தலையை ஆட்டினார். அவர் மனசு உடைந்து போயிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

வந்தவர்களில் பலர் படகு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். சோமனூரிலிருந்து வந்த விசைத்தறிக்காரர் ஒருவர், மகள் ரிசப்ஷனுக்கு மேடையாக வைக்க ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர் தேக்கு எத்தனை கன அடி வரும் என்று மட்டும் விசாரித்தார். ஒவ்வொருவருக்கும் ஏணி போட்டு ஏற்றி, உள்ளே காட்டி, இறக்கியதில் சாராளின் முழங்கால் வீங்கியது.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ரிசார்ட் நடத்தும் ரித்விக் என்ற இளைஞன் மட்டும் உறுதியாக வாங்க வந்தான். கேட்ட விலைக்கு மறுபேச்சில்லை. படகைத் தோப்பு நடுவே கான்கிரீட் தூண்மேல் நிறுத்தி, பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டி, உள்ளே நான்கு டேபிள் போடுவதாகச் சொன்னான். ஞானாபரணம் அவனைக் கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கொடுத்துவிடலாம் என்றார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையைத்தான் சாராளால் தாங்க முடியவில்லை. தன் கையால் வளைத்த பலகையில் ஒருவன் கதவு வெட்டுவதை இந்த மனுஷன் எப்படிப் பொறுப்பார்? மறுநாள் அவரைக் கேட்காமலே ரித்விக்குக்குப் போன் போட்டு இல்லை என்று சொல்லிவிட்டாள். அவரிடம் சொன்னபோது "செரி" என்றார். துவாலையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஈஸ்டர் நெருங்கி வந்த நேரத்தில்தான் ரிஃபானா வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கோவையிலேயே கோட்டைமேட்டுப் பெண். சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்து, கடலிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். கணவன் சாஜித்தும் கப்பல் இன்ஜினியர்தான், இப்போது இருவரும் கொச்சியில் இருந்தார்கள். அவள் செல்ஃபி எடுக்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு படகின் அடிவயிற்றுக்குள் ஊர்ந்து போனாள். நெடுநேரம் உள்ளே டொக் டொக் என்று சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது முகமெல்லாம் தூசி.

வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் மரம் ரொம்பக் காய்ந்திருக்கிறது, தண்ணீரில் இறக்கினால் மரம் ஊறி இடுக்கு அடைபடும்வரை ஒழுகும் என்றாள். அது ஞானாபரணத்துக்கும் தெரிந்ததுதான். கொச்சியில் ஒருமுறை இறக்கி, மிதப்பதைப் பார்த்துவிட்டால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

அவர் லாரிக்கு ஆள் விசாரிக்கப் போன நேரத்தில் சாராள் அவளைத் தனியாக உட்கார வைத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத கண்ணு. நீ வாங்கலைன்னா எங்களுக்குக் கஷ்டந்தான். ஆனாலும் சொல்லோணும். இது வயசத் தின்னுபோடும். ஒரு பக்கம் முடிச்சா மறுபக்கம் ஆரம்பிக்கும். புருசனும் பொண்டாட்டியும் ஒக்காந்து நாலு வார்த்த பேச நேரமிருக்காது."

ரிஃபானா முகத்திலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நாங்க ரெண்டு பேரும் வேற வேற கப்பல்ல இருந்தவங்க ஆண்ட்டி," என்றாள். "ஒரே வேலையை ஒண்ணா நின்னு செஞ்சதே இல்லைங்க. அவருக்கும் இதுல ஆசையான்னு கேட்டுட்டுத்தான் வந்தேன்."

சாராள் டீ எடுத்து வருகிறேன் என்று எழுந்துகொண்டாள்.

இப்போது மேல்கட்டோடு முழுசாக இருந்த படகை வெளியே எடுக்க குடோனின் முன்சுவரையே இடிக்க வேண்டியிருந்தது. எப்படியும் இடிக்கப் போகிற கட்டடம் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிரேன் வைத்து ட்ரெய்லரில் ஏற்றி, பாய்மரத்தைத் தனியாகப் படுக்க வைத்துக் கட்டி, திருச்சி ரோட்டில் அது மெதுவாக நகர்ந்தபோது பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஞானாபரணமும் சாராளும் ரயிலில் கொச்சி போய்ச் சேர்ந்தார்கள்.

இறக்கிய முதல் நாள் படகு சல்லடைபோல ஒழுகியது. ரிஃபானாவும் சாஜித்தும் இரண்டு பம்புகளை வைத்து இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஞானாபரணம் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பம்புச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார். சாராள் லாட்ஜில் இருந்து சோறு வாங்கி வந்து கொடுத்தாள். அவர் பாதியில் வைத்துவிட்டார். அடுத்த நாள் தண்ணீர் வரத்து குறைந்தது. அதற்கடுத்த நாள் நின்றேவிட்டது. மரம் ஊறி, பலகையும் பலகையும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. பாய்மரத்தை நிறுத்தினார்கள். ரோஸ்மேரி நேராக, அலட்டல் இல்லாமல் தண்ணீரில் நின்றது.

மறுநாள் காலை பாய் ஏற்றத் தயாரானபோது ரிஃபானா மரப்பாலத்தின் முனையில் நின்று கையை நீட்டினாள். முதல் சுற்று ஞானாபரணத்துக்கும் சாராளுக்கும்தான் என்றாள்.

"நீ போ சாராளு. நான் இங்க நின்னு பாத்துக்கறேன்," என்றார் ஞானாபரணம்.

"நீங்க போங்க. உங்க படகுங்க."

"என்ற படகா?" அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீதான ஆசப்பட்ட."

"நான் எப்பங்க ஆசப்பட்டேன்?"

ரிஃபானாவின் கை அப்படியே நீண்டிருந்தது. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல இறக்கிக்கொண்டாள். நீங்கள் போய்விட்டு வாருங்கள், நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று சாராள் சொன்னாள். கயிற்றை அவிழ்த்தார்கள். பாய் ஒருமுறை படபடத்துவிட்டுக் காற்றைப் பிடித்தது. படகு சத்தமே இல்லாமல் நகர்ந்து கப்பல் பாதைப் பக்கம் போனது.

கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். ஞானாபரணம்தான் முதலில் பேசினார். அவள் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆனால் சமையல்கட்டில் வேலை ஏதும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. கொச்சியில் படகைப் பார்த்ததும் கேட்டுப் பார்த்தார், அவளும் சட்டென்று சரி என்றாள். இவளுக்கு ஒரு பிடிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்தார். அவருக்கு முதல் மூன்று வருஷத்திலேயே போதும் போதுமென்று ஆகிவிட்டது. ரித்விக் வந்தபோது உண்மையிலேயே கொடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார்.

சாராள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தான் சரி என்று சொன்னதற்குக் காரணம் அவர்தான் என்று சொன்னாள். பட்டறையை விட்டபின் நாள் முழுக்க வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அந்த அழுகல் பலகையைத் தொட்டபோதுதான் அவள் பழைய ஆளைப் பார்த்தாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்குக் கோபம் ஏறியது. அவளுடைய வாழ்க்கையில் அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

"கிருபா பிரசவத்துக்கு மஸ்கட் போனேன். மூணு மாசம் இருன்னு அவ அழுதா. பாதியில ஓடி வந்தேன். எதுக்குங்க? நீங்க ஒத்தையில பலக போட முடியாதுன்னு."

கிருபா அவர்களுடைய ஒரே மகள்.

ஞானாபரணம் தலையைக் குனிந்துகொண்டார். "நீ இல்லாதப்ப நான் குடோன் பக்கமே போகலை சாராளு. ஊட்டுல பேப்பர் படிச்சுட்டு, மத்தியானம் தூங்கிட்டு இருந்தேன். நீ வர்றேன்னு போன் பண்ணதும்தான் போயி நாலு பலக இழைச்சு வச்சேன்."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் ஓரமாக நின்றாள். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பும் இல்லை. ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் மற்றவர் மனசு நோகும் என்று இருவரும் கேட்காமலே இருந்திருக்கிறார்கள். அதற்கு அன்பு என்று பெயர் வைப்பதா, பயம் என்று பெயர் வைப்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் போன காலம் போனதுதான். தூரத்தில் வெள்ளைப் பாய் மட்டும் தெரிந்தது. பார்க்க அழகாக இருந்தது. யாரோ செய்த படகைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "உப்புத்தாள் போடறப்ப நீ பாடுவ. மெதுவா, வாய்க்குள்ளயே. அதுக்காகத்தான் அப்பப்ப இழைக்கிற மிஷினை நிறுத்திப்போட்டு ஒக்காந்திருப்பேன்."

"நான் பாடுனனா?"

"தெனமும்."

அவளுக்கு அது தெரியாது. தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பாள்.

படகு திரும்பி வந்தது. சாஜித்தின் முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்சம்கூட ஒழுகவில்லை என்று அவன் ஞானாபரணத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவர் சந்தோஷம் என்றார். அது பொய்யில்லை. கையெழுத்துகள் போட்டு முடித்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், உங்களுக்கு ஒரு படுக்கை எப்போதும் இருக்கும் என்றாள் ரிஃபானா. வருகிறோம் என்று இருவரும் சொன்னார்கள். வர மாட்டார்கள் என்று எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபின் சாராள் பத்து நாள்போல அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவரும் சமாதானம் செய்யவில்லை. காலையில் அவரே காபி போட்டு மேசையில் வைத்தார். அவள் எடுத்துக் குடித்தாள். பகலெல்லாம் தூங்கினார்கள். இத்தனை வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குவது மாதிரி, கோடை மழை வந்து கொடியில் காய்ந்த துணியை நனைத்ததுகூடத் தெரியாமல் தூங்கினார்கள். மில்லில் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னபோது இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

மே மாதம் சாராளின் தங்கை போன் செய்தாள். கொடைக்கானலில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருப்பதாகவும், அக்காளும் மாமாவும் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னாள். சாராள் போனைக் கையில் பொத்திக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, கொடைக்கானலுக்குக் கூப்பிடறா. உங்களுக்கு வர இஷ்டமாங்க? எனக்காகச் சொல்லாதீங்க."

ஞானாபரணம் வழக்கம்போலச் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினார். யோசித்தார். அவர் அப்படி யோசிப்பதைப் பார்க்கப் புதிதாக இருந்தது.

"இல்ல அம்மணி," என்றார். "எனக்கு அந்தக் குளிரு ஆகாது. உன்ற தங்கச்சி பேச்சும் ஆகாது. நீ போயிட்டு வா."

சாராள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. போனைக் காதில் வைத்து, மாமா வரவில்லையாம், நான் மட்டும் வாரேன் என்று தங்கையிடம் சொன்னாள். பிறகு உள்ளே போய், பரண்மேல் இருந்த சின்னப் பெட்டியை எடுத்துத் தரும்படி அவரைக் கூப்பிட்டாள்.